பஞ்சும் துணியும் கொண்டு பிளேக்கை எதிர்த்த வைத்தியர்



மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று சங்கத்து அண்ணை கேட்டபோது எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது என்றுதான் சொன்னேன். ஊரில் உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இப்போது சுவிஸில் இரும்புச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறி வேலை. ஆனாலும் அன்று படித்த பாடத்தில் இருந்த விருப்பம் இன்னும் விட்டுப்போகவில்லை. அதனால் எனக்குப் பிடித்த ஒரு வைத்தியரின் வாழ்க்கையை எழுதுகிறேன். அவருடைய பெயர் வூ லியன் தே.

எங்கட மலர்களில் காந்தியைப் பற்றி எழுதுவோம், நைற்றிங்கேல் அம்மையாரைப் பற்றி எழுதுவோம். வூ லியன் தேயைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதக் காணோம். சீனாவிலும் மலேசியாவிலும் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நோயாளியைக் காப்பாற்றிய வைத்தியர்கள் உலகத்தில் கனபேர் இருக்கினம். ஆனால் நோயாளிக்குக் கிட்டப் போகிறவனை, தூக்கிக்கொண்டு போகிறவனை, பிரேதத்தை எடுத்து அடக்குகிறவனை யார் காப்பாற்றுவது? காசும் கருவியும் இல்லாத ஓர் இடத்தில் நின்று அந்தக் கேள்விக்கு விடை தேடியவர் இவர்.

பிறப்பும் படிப்பும்

1879 ஆம் ஆண்டு மார்ச் 10 ஆம் திகதி பினாங்கில் வூ பிறந்தார். எங்கட தமிழ்ச் சனமும் கூலிகளாகவும் வியாபாரிகளாகவும் போய்ச் சேர்ந்த அதே பினாங்குதான். தகப்பனார் தென்சீனாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். தாயார் மலாயாவிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்த பையன் 1896 இல் இராணியின் புலமைப்பரிசிலை வென்று இங்கிலாந்துக்குப் போனார். கேம்பிரிட்ஜில் வைத்தியம் படித்த முதலாவது சீன இனத்தவர் அவர்தான். பிறகு லண்டன், லிவர்பூல், பாரிஸ், ஜேர்மனியின் ஹாலே என்று பல இடங்களில் கிருமிகளைப் பற்றிப் படித்தார்.

இவ்வளவு படித்துவிட்டு 1903 இல் ஊருக்குத் திரும்பினால் அரசாங்க வைத்திய சேவையில் உயர்ந்த பதவி எதுவும் அவருக்கு இல்லை. அவை வெள்ளைக்காரருக்கு மட்டும் என்பது அன்றைய சட்டம். கேம்பிரிட்ஜ் பட்டம் கையில் இருந்தும் தோல் நிறம் சரியில்லை. கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் கொஞ்சக் காலம் பெரிபெரி நோயை ஆராய்ந்துவிட்டு, பினாங்கில் சொந்தமாக ஒரு மருத்துவ நிலையம் திறந்தார்.

அங்கே அவர் அபினுக்கு எதிராகக் கூட்டங்கள் நடத்தினார். அபின் வியாபாரம் அப்போது பெரிய முதலாளிகளுக்கும் அரசாங்கத்துக்கும் பணம் காய்க்கும் மரம். சும்மா விடுவார்களா? 1907 இல் அவருடைய மருந்துச்சாலையைச் சோதனை போட்டு, மருந்துக்கென்று வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபின் கரைசலைக் கண்டுபிடித்து, வழக்குப் போட்டு 100 டொலர் தண்டம் அறவிட்டார்கள். அபினை எதிர்த்தவனுக்கே அபின் வழக்கு! மனம் கசந்துபோய் இருந்த நேரத்தில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908 இல் தியென்சின் நகரத்து இராணுவ வைத்தியக் கல்லூரியில் உப அதிபராகப் போய்ச் சேர்ந்தார். அவருக்குச் சீன மொழி சரளமாகப் பேச வராது. பெரும்பாலும் இங்கிலிஷ்தான். தன் இனத்து நாட்டிலேயே அவர் அரைவாசி அந்நியன்.

மஞ்சூரியாவில் வந்த சாவு

1910 ஆம் ஆண்டுக் கடைசியில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் சனம் கொத்துக் கொத்தாகச் சாகத் தொடங்கியது. காய்ச்சல், இருமல், இரத்தம் கலந்த சளி. இரண்டு மூன்று நாளில் சாவு. வந்தவர்களில் தப்பியவர் இல்லை என்றே சொல்லலாம்.

அங்கே தர்பகான் என்று ஒரு மிருகம் உண்டு, பெரிய அணில் மாதிரி. ஐரோப்பாவில் அதன் தோலுக்குக் கிராக்கி கூடியது. ஷாண்டோங் பக்கத்து ஏழைகள் காசு கிடைக்கும் என்று ஆயிரக்கணக்கில் வேட்டைக்குப் போனார்கள். நோய் பிடித்த தர்பகானைப் பரம்பரை வேட்டைக்காரர் தொடமாட்டார்கள். புதிதாகப் போனவர்களுக்கு அது தெரியவில்லை. குளிருக்கு ஒடுங்கி, ஒரு சத்திரத்து அறைக்குள் நாற்பது ஐம்பது பேராகப் படுத்தார்கள். ஒருவன் இருமினால் போதும். புதுவருடத்துக்கு ஊருக்குப் போவம் என்று ரயில் ஏறிய கூலித் தொழிலாளர்கள் நோயையும் தங்களோடு கொண்டு போனார்கள். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. பிழைக்கப் போன இடத்தில் நெருக்கி அடித்துக்கொண்டு படுத்த காலத்தை நாங்களும் அறிவோம்தானே.

அரசாங்கம் வூவைப் போகச் சொன்னது. 1910 டிசம்பர் 24 ஆம் திகதி ஒரு மாணவனையும் ஒரு நுணுக்குக்காட்டியையும் கொண்டு அவர் ஹார்பின் நகரத்தில் இறங்கினார். வயது 31. வெளியிலே பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை அளவில் குளிர். நகரத்தின் சீனக் குடியிருப்பான ஃபூஜியாதியானில் 24,000 பேர் அளவில் இருந்தார்கள். ஒழுங்கான ஆஸ்பத்திரி இல்லை, ஆய்வுகூடம் இல்லை, பயிற்சி பெற்ற ஆள் இல்லை.

மூன்று நாள் கழித்து ஒரு வீட்டிலே யப்பானியப் பெண் ஒருத்தி இறந்த செய்தி வந்தது. பிரேதத்தை வெட்டிப் பார்ப்பது அந்த நாட்டு வழக்கத்துக்கு விரோதம். இரகசியமாகப் போய், இருண்ட அறைக்குள்ளேயே அறுத்துச் சோதித்தார். நுணுக்குக்காட்டியின் கீழே பிளேக் கிருமி தெளிவாகத் தெரிந்தது.

எலியா, மூச்சா?

இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். பிளேக் என்றால் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி மூலம் வருவது என்றுதான் அன்றைய வைத்திய உலகம் படித்திருந்தது. ஹொங்கொங்கிலும் பம்பாயிலும் கண்டது அந்த வகை. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். ஹார்பினிலும் எலிகளைப் பிடித்து அறுத்துப் பார்த்தார்கள். எலியில் நோய் இல்லை. செத்தவர்களுக்கு நெறியும் இல்லை, நோய் முழுக்க நெஞ்சுக்குள்ளே. வூ யோசித்தார். இது மனிதனிலிருந்து மனிதனுக்கு இருமல் மூலம், சளித்துளி மூலம் நேரே பரவுகிறது என்ற முடிவுக்கு வந்தார். அப்படியென்றால் முதலில் சாகப்போவது யார்? நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கிறவன்தான்.

ஆகவே அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று மூக்கையும் வாயையும் மூட ஒரு கவசம் செய்தது. ஐரோப்பாவில் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் முன்பே வலைத்துணி கட்டினார்கள். அது தங்கள் எச்சில் நோயாளியின் காயத்தில் விழாமல் இருக்க. வூ அதை மறுபக்கம் திருப்பினார். நோயாளியின் மூச்சு வேலை செய்கிறவனுக்குள் போகாமல் இருக்க அதைக் கட்டச் சொன்னார். காயத்துக்குக் கட்டும் வலைத்துணியை மடித்து, நடுவிலே தட்டையாகப் பஞ்சு வைத்து, இரண்டு நுனிகளையும் கீறி வால்போல் ஆக்கித் தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டுவது. அவ்வளவுதான். கன்னப் பக்கத்தால் காற்றுப் புகக்கூடாது, அதுதான் முக்கியம். துணியும் பஞ்சும் எந்த ஊரிலும் கிடைக்கும், தைக்கத் தெரியாதவனும் செய்யலாம், ஒன்றுக்குச் சில சதம்தான் செலவு. பணக்கார நாட்டிலிருந்து கப்பல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பெரியவரின் சாவு

ஆனால் யார் கேட்டார்கள்? ரஷ்ய ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டால் போதும் என்று மாஸ்க் இல்லாமலே வார்டுக்குள் போய் வந்தார்கள். 1911 ஜனவரி தொடக்கத்தில் ஜெரால்ட் மெஸ்னி என்ற பிரெஞ்சு வைத்தியர் ஹார்பின் வந்தார். தியென்சினில் பேராசிரியர், 43 வயது, முன்பும் பிளேக் நோயைப் பார்த்தவர். வூ அவரைப் பார்க்கப் போய் இது மூச்சால் பரவுகிறது என்று விளக்கினார். மெஸ்னிக்குக் கோபம் வந்தது. தன்னைவிட இளையவன், அதிலும் ஒரு சீனன், தனக்குப் பாடம் எடுப்பதா என்று வூவை அவமதித்தார். தலைமைப் பொறுப்பும் தனக்கே வேண்டும் என்றார். வூ சண்டை பிடிக்கவில்லை. பதவி விலகத் தயார் என்று தந்தி அடித்தார். அரசாங்கம் வூவின் பக்கம் நின்றது.

சில நாளில் மெஸ்னி ரஷ்ய ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைச் சோதித்தார். வெள்ளை அங்கி போட்டார், தொப்பி போட்டார், றப்பர் கையுறையும் போட்டார். மாஸ்க் மட்டும் போடவில்லை. ஜனவரி 11 ஆம் திகதி இறந்துபோனார்.

அந்தச் செய்தி நகரத்தையே உலுக்கியது. அடுத்த நாளிலிருந்து தெருவிலே போகிற சனமெல்லாம் முகத்தில் துணி கட்டத் தொடங்கியது. வூ எத்தனை விளக்கம் கொடுத்தும் நடக்காதது ஒரு பேராசிரியரின் சாவால் நடந்தது. இதில் வூவுக்குச் சந்தோஷம் இருந்திருக்காது. வீணாகப் போன உயிர் அது.

அதே மாதத்தில் தெற்கே முக்டென் நகரத்து ரயில் நிலையத்தில் கூலித் தொழிலாளர்களைப் பரிசோதித்த ஆதர் ஜாக்சன் என்ற 26 வயது வைத்தியரும் இதே நோயில் இறந்தார். அவர் கவனமாக மாஸ்க் கட்டி வேலை செய்தவர். மாஸ்க் கட்டினால் சாவே வராது என்று நான் சொல்லவில்லை. ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. அது தெரிந்துகொண்டும் வேலைக்குப் போகிறவனைத்தான் நாங்கள் வீரன் என்று சொல்ல வேண்டும்.

ஊரை நான்காகப் பிரித்தல்

அதற்குப் பிறகு வூ பட்டாளம்போல வேலை செய்தார். ஃபூஜியாதியானை நான்கு வட்டாரமாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டாரத்தாருக்கும் வெவ்வேறு நிறத்தில் கைப்பட்டி. அனுமதி இல்லாமல் ஒரு வட்டாரத்திலிருந்து மற்றதற்குப் போகக்கூடாது. வீடு வீடாகப் போய்ச் சோதனை. நோயாளியோடு இருந்தவர்களைத் தனியே வைக்க இடம் இல்லை. ரஷ்ய ரயில்வேயிடம் 120 சரக்குப் பெட்டிகளை வாங்கி, உள்ளே அடுப்பு மூட்டி, தனிமைப்படுத்தும் இடமாக ஆக்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் வந்து ஊரைச் சுற்றிக் காவல் போட்டார்கள். புதுவருடத்துக்கு ஊர் போகிற கூலிகளின் ரயில் பயணமும் நிறுத்தப்பட்டது.

மாஸ்க் வைத்தியருக்கு மட்டும் என்று அவர் வைக்கவில்லை. பொலிஸ்காரன், சிப்பாய், வண்டிக்காரன், சமையற்காரன், பிரேதம் தூக்குகிறவன் எல்லோரும் கட்ட வேண்டும் என்றார். கட்டவும் பழக்க வேண்டும். சிலர் அதைத் தாயத்துப் போலக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்களாம். பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற மேலாளர்மார் இதைக் கவனிக்க வேண்டும். எங்கட தொழிற்சாலையிலும் காதடைப்பும் கண்ணாடியும் பெட்டி பெட்டியாக இருக்கும். புதிதாக வந்த பொடியனுக்கு அதை எப்படிப் போடுவது என்று நின்று காட்டிக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

புதுவருடத்தில் ஒரு தகனம்

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. நிலம் பனியில் இறுகிப் பாறையாகிவிட்டது, குழி வெட்ட முடியாது. மயானத்தில் 2,000க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகளும் பிரேதங்களும் வரிசை வரிசையாகக் கிடந்தன. எலியும் நாயும் தீண்டினால் வசந்தத்தில் என்ன நடக்கும்? எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் வூ. எங்களுக்குப் பிரேதத்தை எரிப்பது வழக்கம். அந்தச் சீனருக்கோ முன்னோரின் உடலை மண்ணில் வைத்து வணங்குவதுதான் தர்மம், எரிப்பது மகா பாவம். ஆகவே வூ ஊர் அதிகாரிகளையும் பிரமுகர்களையும் மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கண்ணால் பார்த்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பீக்கிங்குக்கு மனுப் போனது, பேரரசின் அனுமதியும் வந்தது.

1911 ஜனவரி 30 சீனப் புதுவருடம். அடுத்த நாள், 31 ஆம் திகதி, பெட்டிகளை நூறு நூறாக அடுக்கி மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். அதே புதுவருடத்தில் வீடுகளுக்கு உள்ளே வெடி கொளுத்தும்படி வூ சனத்தைக் கேட்டுக்கொண்டார். வெடிப் புகையில் உள்ள கந்தகம் கொஞ்சமாவது கிருமியைக் கொல்லும் என்பது ஒரு நோக்கம். சோர்ந்துபோன சனத்தின் மனமும் கொஞ்சம் தெளியட்டும் என்று நினைத்திருப்பார் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு சாவு நாளுக்கு நாள் குறைந்தது. மார்ச் 1 ஆம் திகதி ஹார்பினில் கடைசி நோயாளி. மஞ்சூரியா முழுவதிலும் ஏறத்தாழ 60,000 பேர் இறந்துபோனார்கள். ஃபூஜியாதியானில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல்.

பெயர் இல்லாதவர்கள்

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான். ஹார்பினில் நோய்த் தடுப்பு வேலையில் நின்றவர்கள் சுமார் 2,900 பேர். அவர்களில் ஏறத்தாழ 300 பேர் செத்தார்கள். பத்தில் ஒருவர்! யார் அதிகம் செத்தது? நோயாளியைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்களும் பிரேதம் எடுத்தவர்களும்தான். மெஸ்னிக்கும் ஜாக்சனுக்கும் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. வண்டி தள்ளியவனுக்கு எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. அவர்களையும் எண்ணி எழுதி வைக்கச் செய்தாரே, அதற்காகவே வூவை நான் மதிக்கிறேன்.

இது நூறு வருடத்துக்கு முந்தின கதைதானே என்று நினைக்காதேங்கோ. 2014 இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா வந்தபோது கையுறையும் அங்கியும் போதாமல் வைத்தியர்களும் தாதிமாரும் துப்புரவுத் தொழிலாளரும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கொவிட் நோயில் 2020 ஜனவரி தொடக்கம் 2021 மே வரைக்கும் உலகத்தில் 115,500 சுகாதார ஊழியர்கள் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

எங்கட வீடுகளிலும் இந்தக் கதை இருக்கிறது. இங்கே எத்தனை தமிழ்ப் பெண்கள் ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் துப்புரவு வேலை செய்யினம், சமையலறையில் நிற்கினம்! 2020 வசந்தத்தில் என் மனைவி வேலை செய்த இல்லத்தில் மாஸ்க் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. முதலில் வைத்தியருக்கும் தாதிமாருக்கும் கொடுத்தார்கள். நோயாளியின் அறையைத் துடைத்துக் குப்பை எடுக்கிறவைக்குக் கடைசியாகத்தான் கிடைத்தது, அதுவும் ஒரு நாளைக்கு ஒன்று. கிருமிக்குப் பதவி தெரியாது. தெரிந்திருந்தால் மெஸ்னியை விட்டிருக்கும். பணக்கார நாட்டிலேயே இந்த நிலை என்றால் மருந்தும் தண்ணியும் இல்லாத ஊர்களில் என்ன கதி என்று நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.

பிற்கால வாழ்வு

1911 ஏப்ரலில் முக்டெனில் பதினொரு நாடுகளின் விஞ்ஞானிகள் கூடிய சர்வதேச பிளேக் மாநாட்டுக்கு வூ தலைமை தாங்கினார். ஊரில் பதவி கொடுக்க மறுத்த பிரித்தானியரின் பிரதிநிதியும் அந்தச் சபையில் இருந்தார்! பிறகு வடமஞ்சூரியாவில் நிரந்தரமான பிளேக் தடுப்புச் சேவையைத் தொடக்கி, ஆஸ்பத்திரிகள் கட்டினார். 1920–21 இல் திரும்பவும் பிளேக் வந்தபோது ஆயத்தம் இருந்தபடியால் சாவு முன்னையதின் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. 1935 இல் நோபல் பரிசுக்கு அவருடைய பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

1937 இல் யப்பானியர் சீனாவுக்குள் முழுப் படையெடுப்பு நடத்தியபோது அவரும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்தான். மலாயாவுக்குத் திரும்பி ஈப்போ நகரத்தில் சாதாரண வைத்தியராக இருந்தார். உலக மாநாட்டில் தலைமை தாங்கியவர் ஒரு சின்னக் கிளினிக்கில் இருந்து இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்தார். எளிய சனத்திடம் காசு வாங்கமாட்டார். அந்த ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று பணம் சேர்த்துக் கொடுத்தார். போர்க்காலத்தில் கெரில்லாக்கள் அவரைக் கடத்திப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்து வெளியே வந்தால், கெரில்லாவுக்கு உதவினாய் என்று யப்பானியர் பிடிக்கப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்தாலும் இடி வாங்குவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தப்பிப் பிழைத்து, 1959 இல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டு, 1960 ஜனவரி 21 ஆம் திகதி தன் 80 ஆவது வயதில் பினாங்கில் கண்ணை மூடினார்.

கொவிட் காலத்தில் எல்லோரும் பேசின என்-95 மாஸ்கின் வரலாற்றை எழுதுகிற பலர் ஹார்பினின் பஞ்சு மாஸ்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

உறவுகளே, எங்கட பிள்ளைகள் இங்கே வைத்தியராகவும் தாதியாகவும் படித்து வருகினம், பெருமைதான். நாளைக்கு அவர்கள் ஒரு வார்டுக்கோ இல்லத்துக்கோ பொறுப்பாக வந்தால் மாஸ்க், கையுறை கணக்குப் பார்க்கும் தாளில் துப்புரவு செய்கிறவரின் பெயரும் முதல் நாளிலேயே இருக்க வேண்டும். அதைச் செய்ய வூவைப் போல் பெரிய படிப்புத் தேவையில்லை. இன்று அந்த வேலையில் நிற்கிற அக்காமாரும் தங்கச்சிமாரும், உங்களுக்கு உரியது கிடைக்காவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கோ. தனியே கேட்கப் பயம் என்றால் சங்கத்துக்கு வாங்கோ, சேர்ந்து கடிதம் எழுதுவோம்.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் வாழ என் புத்தாண்டு வாழ்த்துக்கள்!